தறி இருந்த ஹாலும் ரெண்டு பெட்டியும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. சோம்பல் இல்ல, முதுகுவலி. ஒவ்வொண்ணும் 29 கிலோ இருக்கற ரெண்டு பழைய ஸ்பீக்கரை ஒரே மாசத்துல மூணு தடவை இடம் மாத்தினவன் வேற எப்படி இருப்பான்? "உனக்கு நல்லா வேணும்டா"ன்னு சொல்ல நினைக்கறவங்க வரிசைல எங்க வீட்டு ஆளுங்களுக்குப் பின்னாடி நில்லுங்க.

மாகறல் தெரியாதவங்களுக்கு: காஞ்சிபுரத்துலேர்ந்து உத்திரமேரூர் போற பக்கம், செய்யாத்தங்கரை ஊரு. ஞானசம்பந்தர் பதிகம் பாடின திருமாகறலீசர் கோயில் இங்கதான். சோழராஜா தங்க உடும்பைத் துரத்திட்டு வந்த கதையெல்லாம் உண்டு. அதுக்குத் தனிப்பதிவு போடணும். இன்னிக்கு விஷயம் எங்க வீட்டு ஹால்.

ஹால்னு இப்பதான் சொல்றோம். நான் சின்னப் பையனா இருந்தப்போ அது தறி இருக்கற இடம், அவ்வளவுதான். 18 அடி நீளம், 11 அடி அகலம். அதுல ஜன்னல் பக்கம் 10 அடிக்கு 6 அடி குழித்தறிக்குப் போயிடும். பட்டுத்தறி பாத்தவங்களுக்குத் தெரியும், நெய்யறவரு கால் குழிக்குள்ள மிதியில இருக்கும், தலைக்கு மேல ஜக்கார்டு பெட்டி. மண்ணோட ஈரம் இருந்தா இழை சட்டுனு அறாது, அதனாலதான் குழி. ஒருதடவை குழி வெட்டிட்டா தறி நகராது. வீடுதான் நகரணும். பீரோ நகர்ந்துச்சு, கட்டில் நகர்ந்துச்சு, நாங்க படிக்கறது திண்ணைக்குப் போச்சு. அப்பா நெய்வாரு, அம்மா பக்கத்துல உக்காந்து கோர்வைக்கு நாடா போடுவாங்க. காஞ்சிபுரம் சேலைல கரையும் உடலும் வேற வேற கலர்ல பூட்டிக்கிட்டு நிக்குதுல்ல, அதுக்கு ரெண்டாவது ஆள் வேணும். எங்க வீட்டுல அந்த ரெண்டாவது ஆள் அம்மா. பகல் முழுக்க. நடுநடுவுல சமையல் வேற.

அப்புறம் எங்க தெருல நடந்ததுதான் எங்க வீட்டுலயும். 2005 வாக்குல காஞ்சிபுரம் பட்டுக்கு புவிசார் குறியீடு கெடச்சுது. அதுக்கு அடுத்த வருஷமே ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஃபேக்டரி திறந்தாங்க. பசங்க எது பக்கம் போனாங்கன்னு சொல்லவே வேணாம். (அந்த ஃபேக்டரியும் 2014ல மூடிட்டாங்க, அது வேற கதை.) நானும் ஒரகடம் பக்கம் ஷிஃப்ட்டுக்குப் போனவன்தான். அப்பாவுக்கு முட்டி போச்சு, தறியப் பிரிச்சோம், குழிமேல கடப்பா கல் போட்டாச்சு. அன்னிக்குதான் அந்த வீட்டுக்கு ஹால்னு ஒண்ணு வந்துச்சு.

இந்த ஹாலுக்குத்தான் நான் பெட்டி கொண்டு வந்தேன்.

பெட்டின்னா, 1970களோட கடைசில ஜப்பான்ல செஞ்ச மூணு வழி ஸ்பீக்கர். 12 அங்குல வூஃபர். என் இடுப்பு உயரம். பிராண்ட் பேரைச் சொன்னா அதைவிட இது பெட்டர்னு யாராவது கிளம்புவீங்க, அதனால சொல்லல :-) சென்னைல ஃப்ளாட் காலி பண்ண ஒருத்தர்கிட்ட வாங்கினது. கோன் ஓரத்துல துணி, ஃபோம் இல்ல. பழசு வாங்கறவங்க இதை மொதல்ல பாருங்க. நம்ம ஊரு வெக்கைக்கும் ஈரத்துக்கும் அந்தக் கால ஃபோம் ஓரம் பொடிப்பொடியா உதிர்ந்திடும். உள்ள இருந்த கப்பாசிட்டர மட்டும் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கி மாத்தினேன்.

இறக்கி வெச்சதும் அம்மா சொன்னது ஒரே வரி. "முப்பது வருஷம் தறிய சுத்தி சுத்தி வந்தேன்டா. இப்பதான் கால நீட்டி படுக்கறேன். அதுக்குள்ள இன்னொண்ண கொண்டாந்துட்டியா?"

நான் பதில் பேசல. பேச என்ன இருக்கு?

ஆடியோ ஆசாமிங்க நடுவுல ஒரு கிண்டல் உண்டு. 1980கள்ல அமெரிக்க ஆடியோ பத்திரிகைல ஆரம்பிச்சது: 'ஒய்ஃப் ஆக்செப்டன்ஸ் ஃபேக்டர்'. வீட்டுக்காரம்மா எவ்வளவு தூரம் ஒத்துப்பாங்கன்னு ஒரு அளவாம். நானும் சிரிச்சிருக்கேன். இப்ப யோசிச்சா அந்த வார்த்தையே தப்பு. ஹால் இவனுக்குப் பட்டா போட்டுக் குடுத்த மாதிரியும், மத்தவங்க ஆட்சேபணை மனு குடுக்க வந்த மாதிரியும் இருக்கு. எங்க வீட்டுல அஞ்சு பேரு. அப்பா, அம்மா, தங்கமணி, பாப்பா, நான். 198 சதுர அடில என் பங்கு 40கூட வராது. பெட்டி ரெண்டும் நிக்கற இடம், நடுவுல விடற இடம், நான் உக்கார்ற இடம் எல்லாம் கூட்டினா நூறு தாண்டும். அப்ப யாரு யாரை ஒத்துக்கணும்?

இன்னொண்ணு. ஸ்டீரியோவே அடிப்படைல ஒத்தை ஆள் சமாச்சாரம். ரெண்டு பெட்டிக்கும் சமதூரத்துல முக்கோணத்தோட மூணாவது முனைல உக்காந்தாதான் பாடறவங்க நடுவுல நின்னு பாடுவாங்க. ரெண்டடி நகர்ந்தா ஒரு பெட்டிக்குள்ள போயிடுவாங்க. ஆலன் புளூம்லைன் 1931ல இதுக்குக் காப்புரிமை கேட்டு எழுதினப்போ அவரு மனசுல இருந்தது சினிமா தியேட்டர். திரைல ஆள் ஒரு பக்கம், குரல் இன்னொரு பக்கம் இருக்கேன்னு ஆரம்பிச்ச யோசனை. ஊரே உக்காந்து பாக்கற எடத்துக்கு யோசிச்சது, வீட்டுக்கு வந்தப்புறம் ஒத்தை நாற்காலி ஆயிடுச்சு. எங்க தாத்தா காலத்து ரேடியோ அலமாரில எம்ப்ராய்டரி துணிக்குள்ள இருந்துச்சு. சமையல்கட்டுலேர்ந்தும் கேக்கும், தறிலேர்ந்தும் கேக்கும். அதுக்கு முன்னாடி யாரும் முக்கோணம் போட்டு உக்காரல.

பெரிய பெட்டிய வீட்டுக்குள்ள அடக்கற பிரச்சனை நம்மோட போகல. 1946ல அமெரிக்காவுல பால் கிளிப்ஷ் செஞ்ச கிளிப்ஷ்ஹார்ன், பீரோ சைஸ். ஆனா அவரு கெட்டிக்காரரு, வீட்டு மூலையையே ஹார்னோட கடைசிப் பகுதியா கணக்குல எடுத்துக்கிட்டாரு. எந்த வீட்டுலயும் சும்மா கிடக்கற இடம் மூலைதானே. ஒத்தைப் பெட்டி காலத்துல அது ஓடிச்சு. 1954ல எட்கர் வில்ச்சர், காத்துப்புகாத பெட்டிக்குள்ள அடைபட்ட காத்தையே ஸ்பிரிங்கா வெச்சு, அலமாரில நிக்கற பெட்டிலேர்ந்து நல்ல பேஸ் வர வெச்சாரு. அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியோட ஏஆர்-1 அது. நாலு வருஷத்துல, 1958ல, ஸ்டீரியோ எல்பி கடைக்கு வந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு பெட்டி தேவைப்பட்டப்போ இந்த சின்னப் பெட்டிதான் கை குடுத்துச்சு. சும்மா இல்ல, ஆம்ப்ளிஃபயர் கூடுதலா உழைக்கணும். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், கொஞ்ச பவர்லயே நல்ல சத்தம், மூணும் ஒண்ணா கெடைக்காது. ரெண்டைத் தேர்ந்தெடுத்துக்கலாம். நான் தேர்ந்தெடுத்தது கடைசி ரெண்டு. அதுக்கு விலைதான் இடம்.

சரி, எங்க வீட்டுக் கூத்துக்கு வரேன்.

மொத தடவை வெச்சது கொல்லைப்பக்கம் போற வாசப்படிக்கு ரெண்டு பக்கமும், தெருவைப் பாத்த மாதிரி. காகிதத்துல அருமையான இடம். ஆனா அஞ்சு பேரும் நாள் முழுக்க அந்த நடுவாலதான் போகணும். ரெண்டாவது நாளே அப்பா சுண்டுவிரலை இடிச்சிக்கிட்டாரு. பாப்பா ட்வீட்டர்ல விரல வைக்கப் போய் ஒரு செகண்ட்ல தப்பிச்சுது (ட்வீட்டர் தப்பிச்சுது, பாப்பா இல்ல). மூலைல இருந்ததால பேஸ் வேற வீங்கிப் போச்சு. ஒலிபெருக்கி பக்கத்துல ஒவ்வொரு சுவர் வரும்போதும் அடிக்குரல் கூடும், கணக்குப்படி 6 டெசிபல் வரைக்கும். தரை, பின்சுவர், பக்கச்சுவர், மூணும் சேந்தா ராஜா பாட்டுல பேஸ் கிட்டார் மட்டும் தனியா ஒரு கச்சேரி பண்ணும்.

ரெண்டாவது தடவை, தறி இருந்த ஜன்னல் பக்கம். காலி இடம்தானேன்னு இடது பெட்டிய நேரா கடப்பா கல்லு மேலயே வெச்சுட்டேன். பாட்டு போட்டா அண்டாக்குள்ள கல்லு உருட்டற சத்தம். வலது பக்கம் சுத்தமா இருக்கு, இடது மட்டும் இப்படி. வயரை மாத்தினேன், ஆம்ப்ளிஃபயர்ல இடவலம் மாத்தினேன், பெட்டிய கழட்டி வூஃபர் திருகு இறுக்கினேன். ஒரு மணி நேரம் திண்ணைல உக்காந்து பாத்துட்டிருந்த அப்பா கடைசில சொன்னாரு, "குழில முழுசா மண்ணு போடல. பாதிதான் போட்டேன்."

ஏன்பா?

"யாராவது மறுபடி தறி போட்டா தோண்ட வேணாம்ல."

அன்னிக்கு அந்தப் பெட்டிய எடுத்துட்டேன். ஒலிக் காரணம் பாதி, மீதி அது.

மூணாவது இடம் அம்மா காமிச்சது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரு, நீளவாக்குச் சுவரு. "இங்க வெய்யி, ரெண்டும் சுவத்தோட ஒட்டி. போறவர வழி அதுக்கு முன்னாடி இருக்கட்டும்." நான் உடனே புத்தக அறிவைக் காட்டினேன், சுவத்துலேர்ந்து 3 அடி தள்ளி வெக்கணும்மான்னு. 11 அடி அகலத்துல 3 அடி விட்டா நடக்கறதுக்கு எங்க போறது? அப்புறம் உக்காந்து கணக்குப் போட்டா அந்த 3 அடியும் வேதவாக்கு இல்ல. பெட்டி முகம் சுவத்துலேர்ந்து 3 அடி இருந்தா, சுவத்துல பட்டுத் திரும்பற ஒலி 94 ஹெர்ட்ஸ் பக்கம் நேர் ஒலிய முழுங்கும். சுவத்தோட ஒட்டினா அந்தப் பள்ளம் 200க்கு மேல ஏறிடும், சேதம் கம்மி. பேஸ் கொஞ்சம் கூடும்தான். ஆம்ப்ளிஃபயர்ல பேஸ் திருகைக் கொஞ்சம் கொறைச்சா முடிஞ்சுது. அதுவும் என்னுது மூடின பெட்டி. பின்னாடி ஓட்டை வெச்ச பெட்டியா இருந்தா சுவத்தோட ஒட்ட முடியாது, இல்ல ஓட்டைல பழைய துண்டைச் சுருட்டி அடைச்சுப் பாக்கணும். (சிரிக்காதீங்க, நெறைய பேரு பண்றதுதான்.)

இப்ப ரெண்டு பெட்டிக்கும் நடுவுல 7 அடி. பின்னாடி நாலு விரக்கடை. 11 அடி அகலத்துக்குன்னு ஒரு முணுமுணுப்பு 51 ஹெர்ட்ஸ்ல இருக்கு, எந்த சுவருக்கும் உண்டு, அதை ஒண்ணும் பண்ண முடியாது. சிமெண்ட் தரைல பட்டுத் தெறிக்கற கீச்சுக்கு பவானி ஜமுக்காளம். ஓட்டுக்கூரை சரிவா இருக்கறது நல்லதாப் போச்சு. தங்கமணி ஒரு பெட்டி மேல குத்துவிளக்கு வெச்சிருக்காங்க, இன்னொண்ணு மேல பாப்பாவோட ஸ்கூல் டப்பா. விளக்கு ஏத்தக்கூடாதுன்னு மட்டும் கேட்டுக்கிட்டேன். எண்ணெய் சிந்தினா வெனீர் போச்சு. பழைய படக்குழாய் டீவியா இருந்தா காந்தத்துக்கு கலரு திரிஞ்சிருக்கும், இப்ப இருக்கற தட்டை டீவிக்கு அந்தக் கவலை இல்ல.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவரு. 50 ஹெர்ட்ஸ் அலை 22 அடி நீளம், ஒன்பது அங்குலச் சுவரு அதுக்குப் பெருசா தடை இல்ல. 2000ல வந்த ஒலி மாசு விதி குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55, ராத்திரி 45 டெசிபல்னு சொல்லுது. ஆடி மாசம் கோயில் குழாய் ஸ்பீக்கர் கட்டற ஊருல இதைச் சொன்னா சிரிப்பாங்க. ஆனா கூழு ஊத்தறது ஊருக்கே, என் பாட்டு எனக்கு மட்டும். எட்டரைக்கு மேல நான் போடறதில்ல.

இப்பவும் எரிச்சல் வருதா? வருது. ஆறு நாள் ஷிஃப்ட் முடிச்சு வந்து ஒரு பக்கம் எல்பி முழுசா கேக்கலாம்னு உக்காந்தா குக்கர் விசில், சீரியல், பாப்பாவோட ஆன்லைன் டான்ஸ் கிளாஸ். ஹெட்ஃபோன் வாங்கிக்கோன்னு தங்கமணி சொல்றாங்க, நியாயம்தான். வாங்கலாம். ஆனா நெஞ்சுல வந்து தட்டற மிருதங்கத்தை ஹெட்ஃபோன் தராதே. இந்தப் பெட்டி தறி மாதிரி சோறு போடல, அதனால தறிக்குக் குடுத்த மாதிரி மொத இடத்தை இது கேக்க முடியாது. அதே சமயம் வேணாம்னு தூக்கிப் போடவும் மனசில்ல. குழி வெட்டாத ஒரே காரணத்தால இதை நகர்த்த முடியும், நகர்த்தறேன்.

ஒரு விஷயம் மட்டும் யாரும் எதிர்பாக்கல. பெட்டி எதிர்ச்சுவத்துக்குப் போனதால முக்கோணத்தோட மூணாவது முனை எங்க விழுது தெரியுமா? ஜன்னலோரம், கடப்பா கல்லு மேல. அது அம்மா மத்தியானம் கால நீட்டிப் படுக்கற இடம். கல்லு சில்லுனு இருக்கும்னு அங்கதான் படுப்பாங்க. ஞாயித்துக்கிழமை அவங்க எழுந்தப்புறம் நாலு மணிலேர்ந்து ஆறு வரைக்கும் என் நேரம்னு பேச்சு. போன வாரம் எழுந்துக்கவே இல்ல. "போடுடா, படுத்துக்கிட்டே கேக்கறேன்"னாங்க. நான் பக்கவாட்டுல பீரோ ஓரமா உக்காந்து வலது பெட்டிய மட்டும் கேட்டேன்.

மணி மூணே முக்கால். இன்னும் தூங்கிட்டிருக்காங்க.