தொலைக்காட்சிப் பெட்டியும் தொழிலாளர் சம்பளமும்

"தோட்டத்துத் தொழிலாளிக்கு எதற்கு ஐம்பது அங்குலத் தொலைக்காட்சி?" என்று கேட்கின்ற பெரிய மனிதர்கள் இன்றும் இருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, மரத்துக்கு மரம் நடந்து, வாளி சுமந்து, பால் நிறுத்துவிட்டு வீடு திரும்புகிறவன், மாலையில் தன் வீட்டுக் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு படத்தைத் தெளிவாகப் பார்ப்பது ஆடம்பரமாம்! பட்டணத்து மாடி வீட்டில் அதே பெட்டி இருந்தால் அது மட்டும் அவசியமாம்! இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க நாம் விரும்பவில்லை. நல்ல பெட்டி வாங்கத் தொழிலாளிக்கு எல்லா உரிமையும் உண்டு. எந்தப் பெட்டியை வாங்குவது, எந்த வழியில் வாங்குவது என்பதுதான் நம் தோழர்களோடு நாம் பேச விரும்பும் விஷயம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள், கோலாலம்பூர் அம்பாங் சாலையில் உள்ள துங்கு அப்துல் ரகுமான் மண்டபத்திலிருந்து தொடங்கியது. சிங்கப்பூரில் அதே ஆண்டு பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. கறுப்பு வெள்ளைப் படம். நம் லயங்களில் அப்போது பெட்டி ஏது? பெரிய கிராணி வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்றும், மன்றத்தில் பாய் விரித்தும் பார்த்த தலைமுறை அது. தோட்டத்து மின்சார இயந்திரம் இரவு நிறுத்தப்பட்டால் கதாநாயகியின் கதி என்ன ஆயிற்று என்று மறுநாள் மரத்தடியில்தான் பேசித் தெரிந்துகொள்ள வேண்டும். 1978-ஆம் ஆண்டு டிசம்பரில் வண்ணம் வந்தது. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் குடியிருப்புகளுக்கு மின்சாரம் தருவதை முதலாளியின் கடமையாக்கியது. 2019-ஆம் ஆண்டு அக்டோபரோடு பழைய அலைவரிசை ஒளிபரப்பு நாடு முழுவதும் நின்று, எல்லாம் டிஜிட்டலாயிற்று. பால்மரத் தோட்டங்களிலும் பல செம்பனையாகவும் வீடமைப்பு நிலமாகவும் மாறிவிட்டன. லயத்தை விட்டு மலிவு விலை வீட்டுக்குக் குடியேறும் குடும்பம், "புது வீட்டுக்குப் புதுப் பெட்டி" என்று நேராகக் கடைக்குப் போகிறது. தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது.

கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்கு ஒரு அளவு நாடா போதும். பெட்டி மாட்டப் போகும் சுவருக்கும், நாம் உட்காரும் நாற்காலிக்கும் எத்தனை அங்குலம் என்று அளக்க வேண்டும். அந்த அளவை 1.6-ஆல் வகுத்தால் வருவது, அந்த இடத்துக்குக் கண் உறுத்தாத பெரிய அளவு என்று கொள்ளலாம். 7 அடி, அதாவது 84 அங்குலம் என்றால் விடை 52. அப்படியானால் 50 அங்குலப் பெட்டி சரி. 6 அடி என்றால் 43 அங்குலமே போதும். பெட்டியின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை குறுக்காக அளப்பது என்பதையும் மறக்கலாகாது. 50 அங்குலப் பெட்டியின் திரை அகலம் ஏறத்தாழ 44 அங்குலம். 65 அங்குலம் என்றால் அகலம் 57 அங்குலத்தைத் தொடும். சாமி படத்தை எடுத்துவிட்டுப் பெட்டியை மாட்டிய வீடுகளும் உண்டு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அந்தச் சண்டை வேறு!

"4கே படம், எச்.டி.யைப் போல நான்கு மடங்கு புள்ளிகள்" என்று விற்பனையாளர் சொல்வார். சொல்வது உண்மைதான். எச்.டி. படத்தில் 1,920-க்கு 1,080 புள்ளிகள். 4கே என்றால் 3,840-க்கு 2,160. ஆனால் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? 50 அங்குலத் திரையில் ஆறரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தால், சாதாரணப் பார்வையுள்ளவருக்கு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. மேலும் நம் வீட்டுக்குள் வரும் படம் எது? காசில்லாமல் வரும் ஒளிபரப்பு பெரும்பாலும் எச்.டி. தரத்தில்தான் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்களும் முதியவர்களும் விரும்பிப் பார்க்கும் பழைய தமிழ்ப் படங்கள் அதைவிடக் குறைந்த தரத்தில் பதிவானவை. அவற்றை 65 அங்குலத்தில் இழுத்து விரித்தால் முகம் மெழுகாய் உருகியதுபோல் இருக்கும். இந்தக் காலத்தில் 50 அங்குலப் பெட்டிகளில் பெரும்பாலானவை 4கே-யாகவே வருகின்றன. ஆகையால் அதை வேண்டாம் என்று ஒதுக்கவும் தேவையில்லை, அதற்கென்று தனியாகப் பணம் கூட்டிக் கொடுக்கவும் தேவையில்லை. 8கே என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

கடையில் மாட்டியிருக்கும் பெட்டிகளைப் பார்த்து மயங்குகிறவர்களே அதிகம். அங்கே ஒளியையும் வண்ணத்தையும் உச்சத்துக்கு ஏற்றிவைப்பார்கள்; கடைக்கென்றே பெட்டிக்குள் அப்படி ஓர் அமைப்பு உண்டு. ஓடவிடும் படமோ கிளியும் பூவும் கடலுமாக, பெட்டியின் பெருமையைக் காட்டுவதற்கென்றே எடுத்தது. அதை நிறுத்தச் சொல்லிச் சாதாரண அமைப்பில் செய்தியையோ பந்தாட்டத்தையோ போடச் சொல்ல வேண்டும். பந்து ஓடும்போது பின்னால் வால் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து நின்று பார்க்க வேண்டும். இது மிகவும் முக்கியம். நம் வீடுகளில் எல்லாரும் திரைக்கு நேராகவா உட்காருகிறோம்? பிள்ளைகள் தரையில், பாட்டி ஓரத்தில், அடுப்படி வாசலில் நின்றபடி வீட்டுக்காரம்மா. 'வி.ஏ.' வகைத் திரையில் இருட்டு நல்ல கறுப்பாகத் தெரியும், ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். 'ஐ.பி.எஸ்.' வகையில் கறுப்பு சற்றே சாம்பல் பூத்தாலும் ஓரத்தில் இருப்பவருக்கும் நிறம் மாறாது. கூட்டுக் குடும்பத்துக்கு இரண்டாவதே ஏற்றது என்பது நமது அபிப்பிராயம். 'ஓலெட்' வகை இரண்டிலும் சிறந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் விலை அதிகம். காலை முதல் இரவு வரை ஒரே செய்தி அலைவரிசை ஓடுகிற வீட்டில், அதன் சின்னமும் கீழே ஓடும் பட்டையும் காலப்போக்கில் திரையில் தழும்பாக நின்றுவிடும் அபாயமும் அதில் உண்டு.

படத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் ஒலியை மறந்துவிடுகிறார்கள். பெட்டி தகடுபோல் மெலிந்துவிட்டது. ஒலிபெருக்கியை எங்கே வைப்பது? அடியிலும் முதுகிலும் ஒளித்துவைக்கிறார்கள். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது அந்த ஒலி யாருக்குக் கேட்கும்? ஆயுள் முழுதும் உழைத்து ஓய்ந்த தாத்தாவுக்குச் செய்தி வாசிப்பவரின் வாய் அசைவது மட்டும் தெரிந்தால் போதுமா? ஆகவே கடையிலேயே பேச்சைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பாட்டு எந்தப் பெட்டியிலும் ஒருவாறு நன்றாகவே இருக்கும், பேச்சுத்தான் பரீட்சை. 65 அங்குலத்துக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் 50 அங்குலப் பெட்டியும், அதோடு ஒரு நல்ல ஒலிபெருக்கியும் வாங்குகிற வீடே அறிவுள்ள வீடு என்போம்.

டிஜிட்டல் ஒளிபரப்பைப் பெட்டியே நேராகப் பிடிக்குமா, அதற்கு 'டி.வி.பி.-டி2' வசதி உள்ளே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெட்டியில் ஒட்டிய நட்சத்திர அட்டையை யாரும் படிப்பதில்லை. மின்சாரச் செலவுக்கு அதுதான் சாட்சி. இணையத்தோடு சேரும் 'ஸ்மார்ட்' பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதன்முதல் பெட்டியைத் திறக்கும்போது நீளமாக ஏதேதோ காட்டிச் சம்மதமா என்று கேட்கும். நாம் பார்ப்பதைக் கண்காணிக்க அனுமதி கேட்கும் வரியும் அதில் இருக்கும். வேண்டாம் என்று சொல்லலாம். கேளாமலே கண்காணித்ததற்காக 2017-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விசியோ என்னும் கம்பெனி 22 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. நாம் எந்தப் படம் பார்க்கிறோம் என்பதிலும் காசு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், தொழிலாளி எப்படி விழித்திருக்க வேண்டும் என்று பாருங்கள்!

இனி, நாம் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்த காரணத்துக்கு வருவோம்.

"மாதம் 105 வெள்ளிதானே அண்ணே, எடுத்துக்கொண்டு போங்கள்" என்கிறார் விற்பனையாளர். அண்ணனும் கையெழுத்துப் போடுகிறார். ரொக்க விலை 1,800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 105 வீதம் 24 மாதம் என்றால் 2,520 வெள்ளி. அதிகப்படி 720. குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டிலிருந்து மாதம் 1,700 வெள்ளி. வாரம் 6 நாள் வேலைக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 சென். 720-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள்: பதினொரு நாள்! பதினொரு நாள் இருட்டில் எழுந்து, கொசுக்கடி பட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி வெட்டிய கூலி முழுவதும், பெட்டிக்காக அல்ல, பொறுமையில்லாமைக்காகப் போகிறது. அந்த 1,700-ம் முழுதாகக் கைக்கு வருகிறதா? சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. பிறகு சொக்சோ. கையில் நிற்பது 1,500 அளவுதான். அரிசி, பள்ளிக்கூடச் செலவு, மோட்டார் சைக்கிள் தவணை, கைத்தொலைபேசித் தவணை எல்லாம் அதற்குள்.

கணக்கில் தேர்ந்த கிராணிமார்களும் இதில் அகப்படுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. "வட்டி 10 விழுக்காடுதான்" என்றால் குறைவு என்று நினைக்கிறார்கள். 1,800-க்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் 2 ஆண்டுக்கு 360; மொத்தம் 2,160; மாதம் 90. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு ஆண்டும் 1,800 வெள்ளியா நம் கையில் கடனாக நிற்கிறது? மாதாமாதம் அசல் கரைந்துகொண்டே வருகிறது. வட்டி மட்டும் முழு அசலுக்கும் போட்டபடியே நிற்கிறது. சரியாகக் கணக்கிட்டால் அந்த 10 விழுக்காடு உண்மையில் ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல். கைத்தொலைபேசியில் விரலால் தொட்டு "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்று எடுப்பதும் இதன் தம்பிதான். தாமதித்தால் என்ன தண்டம் என்று அங்கேயும் படித்துப் பார்க்க வேண்டும்.

பால் வெட்டுகிறவனுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. ஆபீசில் வேலை செய்கிறவனுக்கு மழை பெய்தாலும் மாதம் ஒன்றுதான். நமக்கு அப்படியா? மழைக்காலத்தில் மரப்பட்டை ஈரமாக நின்றால் வெட்டு இல்லை. இலை உதிரும் மாதங்களில் பால் குறையும். பால் குறைந்தால் படியும் குறையும். தவணைக்கு மட்டும் மழையும் இல்லை, இலையுதிர்வும் இல்லை. அது ஒன்றாம் தேதி ஆனால் கதவைத் தட்டும். இரண்டு தவணை நின்றபிறகு அதைக் கட்ட வேறொரு இடத்தில் கடன் வாங்கி, அந்தக் கடனுக்காக மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போன கதைகள் எத்தனை! பெட்டி கூடத்தில் ஒளி வீசும். வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

"ரொக்கத்துக்கு எங்கே போவது?" என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதே 105 வெள்ளியை 18 மாதம் நாமே ஒதுக்கினால் 1,890 வெள்ளி. பெட்டியும் வரும், மாட்டுகிற கூலியும் மிஞ்சும். அதற்குள் விலையும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். இந்தச் சாமான் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மலிந்துகொண்டே வருகிறது. சேர்க்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். 1960-ஆம் ஆண்டு துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டி, கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கியவர்கள் தோட்டத் தொழிலாளிகள். தோட்டம் வாங்கிய கைக்குப் பெட்டி வாங்கத் தெரியாதா? கூட்டுக் கட்டி எடுக்கலாமே என்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பணம் போனபின் போலீசுக்குப் போவதைவிட முன்னாலேயே ஒதுங்கியிருப்பது மேல்.

வாங்கும் அன்று பெட்டியைக் கடையிலேயே பிரித்து, ஓடவிட்டு, திரையில் செத்த புள்ளியோ கீறலோ இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ரசீதில் மாதிரி எண் எழுதியிருக்கட்டும். உத்தரவாதம் திரைக்கும் உண்டா, பழுது பார்க்கிறவர் தோட்டத்துக்கு வருவாரா, நாம்தான் சுமந்துகொண்டு பட்டணம் போக வேண்டுமா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். பெட்டி கெட்டுப்போய்க் கடைக்காரர் கையை விரித்தால் மனம் உடைய வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான வழக்கை அங்கே கொண்டுபோகலாம். வக்கீல் வைக்க அனுமதி கிடையாது. ஆகவே கடைக்காரர் பெரிய வக்கீலோடு வந்து மிரட்டுவாரோ என்ற பயமும் வேண்டாம். ரசீது மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும்.

இடி மின்னல் அதிகம் விழும் நாடு நம்முடையது. வானம் கறுத்தால் மின்சார முளையையும், கூரை ஏரியலிலிருந்து வரும் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். இரண்டாவதைத்தான் பலர் மறக்கிறார்கள். மின்னலால் கெட்ட பெட்டிக்கு உத்தரவாதம் பெரும்பாலும் செல்லாது.

பழைய பெட்டி இன்னும் நன்றாக ஓடுகிறது, படம் மட்டும் வரவில்லை என்றால், டிஜிட்டல் பிடிக்கும் சிறு பெட்டி ஒன்றை இணைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். அடியோடு கெட்டுப்போன பருத்த பெட்டியை லயத்துக்குப் பின்னால் கால்வாயில் தள்ளிவிடக் கூடாது. அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் இடம் அது. மின்னியல் கழிவு எடுக்கும் இடம் பட்டணத்தில் எங்கே என்று விசாரித்து, புதுப் பெட்டியை ஏற்றி வரப் போகும் லாரியிலேயே பழையதை ஏற்றி அனுப்பிவிடலாம்.