அழுக்கு போகுதா, பணம் போகுதா?

எங்கள் தெருவில் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் 'ஸ்பைருலினா' மாத்திரைப் பேச்சுதான். அதாங்க, சுருள்பாசி! தெரிந்த அக்கா ஒருத்தி வந்து, "உடம்புல சேர்ந்த நச்செல்லாம் வெளியே போயிடும், மலச்சிக்கல் ஓடிப்போயிடும்" என்று சொல்லி, என் மாமியார் தலையில் ஒரு டப்பாவைக் கட்டிவிட்டுப் போனாள்.

இரண்டே நாளில் மலம் கரும்பச்சையாகப் போனது. "பாத்தியாளா, உள்ள கெடந்த அழுக்கெல்லாம் எப்படி வருதுன்னு!" என்று அத்தைக்கு ஒரே பூரிப்பு. அந்தத் தைரியத்தில், எனக்குத் தெரியாமல் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். பத்தாம் நாள் பிரஷர் எகிறி, அடுப்படியில் தலைசுற்றி விழுந்தார். நல்லவேளை, பலமான அடியில்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பச்சை, பாசியின் நிறம்தானாம், அழுக்கு இல்லையாம். உடம்புக் கழிவைச் சுத்தம் செய்ய கல்லீரலும் சிறுநீரகமும் ராப்பகலாக உழைக்கின்றன. அவை நன்றாக இருக்கும்போது தனியாக எதற்கு மாத்திரை?

பாசியை நான் குறை சொல்ல வரவில்லை. ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரைப் பெண்கள் இதை அள்ளி, காயவைத்து, குழம்பில் போட்டுச் சமைக்கிறார்கள். நம் சென்னையிலுள்ள முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையம், கிராமத்துப் பெண்களே இதை வளர்க்க எளிய வழி கண்டது. காய்ந்த பாசி 100 கிராமில் சுமார் 60 கிராம் புரதம் உண்டு. ஆனால் நாம் விழுங்குவது தினம் 3 கிராம். அதில் 2 கிராம் புரதம்கூட வராது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறதே! சைவக்காரர்கள் பி12 சத்துக்காக இதை நம்புகிறார்கள். இதிலுள்ள பி12-ல் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத வகையாம்.

கோமதி அம்மன் சந்நிதிப் புற்றுமண்ணை நானும் பக்தியோடு பூசுகிறவள்தான். அதற்காக டாக்டர் தந்த மாத்திரையை ஒருநாளும் நிறுத்தியதில்லை. சாமி பிரசாதத்துக்கே இல்லாத சலுகை, டப்பா மாத்திரைக்கு எதற்கு?

இப்போது அத்தைக்குக் கீரை, வாழைத்தண்டு, கொய்யாப்பழம், வேண்டிய மட்டும் தண்ணீர். சாயங்காலம் ரத வீதியில் ஒரு நடை. வயிறு தானாக வழிக்கு வந்துவிட்டது.

தோழியரே, பாசி சாப்பிட ஆசையா? உணவாக நினைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் ஏற்கனவே மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டையையும் அவ்வப்போது எண்ணிப் பாருங்கள். நான் எண்ணாமல் விட்டதுதான் என் தப்பு.

- ஓர் இல்லத்தரசி, சங்கரன்கோவில்.