திண்டுக்கல் வீதி நெருக்கடி

திண்டுக்கல் வீதிகளில் பஸ்ஸும் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் நெருக்கியடிக்கின்றன. இதற்குப் பரிகாரம் மூன்று வகை. வீதியை விஸ்தரித்தால் கடைக்காரர் இடம் போகும். நாளடைவில் வண்டிகளும் பெருகிவிடும். புறவழிச் சாலை, வெளியூர் செல்லும் லாரியை விலக்குமேயன்றி, ஊருக்கே வரும் மாணவரையும் வியாபாரியையும் விலக்காது. எஞ்சுவது ரயில்.

மதுரை, திருச்சி, கரூர், பழனிப் பாதைகள் நான்கும் இங்கே கூடுகின்றன. அம்பாத்துரை, வடமதுரை, எரியோடு, ஒட்டன்சத்திரம் ஆகிய ஊர்களில் ஸ்டேஷன்கள் இருக்கின்றன. காலை மாலைகளில் சிறு ரயில்கள் கூடுதலாக ஓடி, அவற்றை எதிர்பார்த்து டவுன் பஸ்களும் நின்றால் நெருக்கடி குறையுமென்பது நமது அபிப்பிராயம். பழனி மார்க்கம் ஒற்றைப் பாதையாதலால், இரட்டைப் பாதையுள்ள மதுரை, திருச்சி மார்க்கங்களில் முதலில் தொடங்கலாம்.

1953-ல் டிராமை நிறுத்திய சென்னை, 2015-ல் பெரும் பொருட்செலவில் மெட்ரோ ரயிலை ஓட்ட நேர்ந்தது. இருக்கும் தண்டவாளத்தை உபயோகிக்காமல் நாமும் பின்னால் வருந்துவானேன்? மாநகராட்சியும் மதுரை ரயில்வே கோட்டமும் கலந்து யோசிக்குமாறு பொதுஜனங்கள் வற்புறுத்த வேண்டும்.