பெட்டி கட்டலாமா? - தாத்தா பாட்டியோடு மெக்ஸிகோ கடற்கரைக்கு!

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது. "ஊர்ல இருந்து அம்மா, அப்பா வந்திருக்காங்க. ஆறு மாசத்துல பாதி குளிர்லயே போயிடுது. பிள்ளைங்களுக்கு டிசம்பர் லீவு. எல்லாரும் சேர்ந்து மெக்ஸிகோ பீச்சுக்குப் போகலாமா? அம்மாவுக்கு முட்டிவலி, அப்பா சுத்த சைவம். சரிப்பட்டு வருமா?"

சரிப்பட்டு வரும். ஆனால், நீச்சல்குளத்தின் படத்தைப் பார்த்து ஹோட்டலை புக் செய்துவிட்டு, மற்றதைப் பிறகு யோசிக்கலாம் என்றால் சிக்கல்தான். மூன்று தலைமுறை சேர்ந்து போகும்போது வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் பாட்டியின் பாஸ்போர்ட், அடுத்து பாட்டியின் முட்டி, அப்புறம் தாத்தாவின் வயிறு, கடைசியில்தான் நீச்சல்குளம். பெற்றோர் அடுத்த முறை எப்போது விமானம் ஏறுவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. "நீங்க போயிட்டு வாங்க, நான் ரூம்லயே இருக்கேன்" என்று பாட்டி சொல்லும் நாள்கள் எவ்வளவு குறைகின்றனவோ, அந்த அளவுக்கு அது நல்ல திட்டம்.

இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்வது மெக்ஸிகோவின் பசிபிக் கரையில், ஹலிஸ்கோ மாநிலத்தில் இருக்கும் புவெர்ட்டோ வயார்ட்டா.

ஏன் இந்த ஊர்?

மெக்ஸிகோ பீச் என்றதும் பலரும் சொல்வது கான்குன். அது 1970-களில் அரசே திட்டம் போட்டுக் கட்டிய சுற்றுலா நகரம். வயார்ட்டா அப்படியில்லை. மலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த சின்ன ஊர், மெல்ல மெல்ல வளர்ந்தது. 1963-ல் 'தி நைட் ஆஃப் தி இகுவானா' படத்தின் ஷூட்டிங் பக்கத்தில் உள்ள மிஸ்மலோயாவில் நடந்தது. நாயகன் ரிச்சர்ட் பர்ட்டனோடு எலிசபெத் டெய்லரும் வந்து தங்க, பத்திரிகைக்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள். அதன்பின் ஊரின் பெயர் உலகத்துக்கே தெரிந்துவிட்டது.

இன்றும் இங்கே சந்தை, தேவாலயம், பள்ளிக்கூடம், டார்ட்டியா கடை எல்லாம் கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கடலில் இறங்காதவர்களுக்கும் வேடிக்கை பார்க்க ஓர் ஊர் இருக்கிறது என்பதுதான், வயதானவர்களை அழைத்துப்போக இந்த ஊரைச் சொல்வதற்கு முக்கியக் காரணம். லாஸ் ஏஞ்சலிஸ், ஃபீனிக்ஸ், டல்லாஸ், ஹூஸ்டன் போன்ற நகரங்களில் இருந்து நேரடி விமானங்களும் உண்டு.

முதலில் பாஸ்போர்ட்!

செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால், இந்திய பாஸ்போர்ட்காரர்கள் சுற்றுலாவுக்குத் தனியாக மெக்ஸிகோ விசா எடுக்க வேண்டியதில்லை. கிரீன் கார்டு இருந்தாலும் அப்படியே. பத்து வருட மல்டிபிள் என்ட்ரி விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இது பெரிய நிம்மதி.

சிக்கல் பெரும்பாலும் பிள்ளைகள் பக்கம்தான். ஹெச்-1பி-யில் இருப்பவர்கள் பலருக்கு ஐ-94 நடப்பில் இருக்கும். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா காலாவதியாகியிருக்கும். 30 நாள்களுக்குள் மெக்ஸிகோ போய்த் திரும்புகிறவர்கள், சில நிபந்தனைகளோடு அந்தப் பழைய விசாவிலேயே அமெரிக்காவுக்குள் வர ஒரு சலுகை உண்டு. அதை நம்பிக் கிளம்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தச் சலுகை அமெரிக்காவுக்குள் திரும்புவதற்கு மட்டும்தான். மெக்ஸிகோவுக்குள் நுழையக் காலாவதியான விசா போதாது. மெக்ஸிகோ விசா தனியாக எடுக்க வேண்டும். பாட்டி, தாத்தா, பேரன் எல்லோரும் போகலாம், அப்பா மட்டும் போக முடியாது என்ற நிலை ஏர்போர்ட்டில் வந்து நிற்கக் கூடாது. டிக்கெட் போடும் முன் வீட்டிலுள்ள எல்லா பாஸ்போர்ட்டையும் மேஜையில் பரப்பி, ஒவ்வொரு தேதியாகப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம். மெக்ஸிகோ போய்த் திரும்பினால் பெற்றோருக்குப் புதிதாக ஆறு மாதம் கிடைத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். அது எல்லையில் இருக்கும் அதிகாரியின் முடிவு. பழைய ஐ-94 தேதியை வைத்தே ஊர் திரும்பும் டிக்கெட்டைத் திட்டமிடுங்கள். பெற்றோருக்கு அமெரிக்காவில் எடுத்த விசிட்டர் இன்ஷூரன்ஸ் மெக்ஸிகோவில் செல்லுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எந்த மாதம்?

ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். புழுக்கம் அதிகம், கொசு உண்டு, டெங்கு பயமும் உண்டு. புயல்களும் அப்போதுதான். 2023 அக்டோபரில் லிடியா புயல் வயார்ட்டாவுக்குத் தெற்கே கரையைக் கடந்தது. கட்டணம் குறைவு என்பதற்காக இந்த மாதங்களில் வயதானவர்களை அழைத்துப்போக வேண்டாம்.

நவம்பர் கடைசியில் இருந்து ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும். பகலில் நம் ஊர் மார்கழி வெயில். இரவில் பாட்டிக்கு ஒரு சால்வை போதும். கிறிஸ்துமஸ் - புத்தாண்டு வாரமும், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரமும் கூட்டம் அள்ளும், விலையும் ஏறும். பள்ளி விடுமுறையை விட்டால் வழியில்லை என்பவர்கள் தேங்க்ஸ்கிவிங் வாரத்தைப் பாருங்கள். மழை ஓய்ந்து மலையெல்லாம் பச்சையாக இருக்கும் நேரம் அது.

பாட்டியின் முட்டி

ஹோட்டல் படங்களில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வயார்ட்டாவின் பழைய பகுதி முழுக்க உருளைக்கல் பதித்த தெருக்கள். கடலில் இருந்து இரண்டு தெரு உள்ளே போனாலே ஏற்றம், படிக்கட்டு. 'கடல் தெரியும் அருமையான வீடு' என்று வாடகைக்கு வருபவற்றில் பல, மலைச்சரிவில் இருப்பவை. கடல் தெரியும்தான், பாட்டி வாசலைத் தாண்ட நாற்பது படி இறங்க வேண்டியிருக்கும். "தெருவில் இருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி? லிஃப்ட் இருக்கிறதா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தங்குவதற்கு மூன்று வழிகள். ஏர்போர்ட்டுக்கும் ஊருக்கும் நடுவே இருக்கும் ஹோட்டல் மண்டலம் சமதளம். ஊருக்குள் போக டாக்ஸி வேண்டும். வடக்கே, பக்கத்து நயாரிட் மாநிலத்தில் இருக்கும் நுவேவோ நயாரிட்டில் அகலமான மணல், பெரிய ரிசார்ட்டுகள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், ஆனால் ஊர் தூரம். தெற்கே ஸோனா ரொமான்டிகா எனும் பழைய பகுதியில் எல்லாமே நடை தூரம். இரவில் பார்களின் சத்தம் கேட்கும். முட்டிவலிக்காரர்கள் இருந்தால் மாலெகோன் எனும் கடற்கரை நடைபாதைக்கு அருகே, லிஃப்ட் உள்ள இடமாகத் தேடுவது என் சாய்ஸ். மாலெகோன் சமதளம், வண்டிகள் வராது, வழியெங்கும் சிலைகளும் உட்கார பெஞ்சுகளும் உண்டு. சாயங்காலம் உள்ளூர்க் குடும்பங்களும் அங்கேதான் காற்று வாங்க வருகின்றன. நம் மெரினா பழக்கம்தான்.

தாத்தாவின் வயிறு

மெக்ஸிகோவில் சைவம் சாப்பிடுவது சுலபம் போலத் தோன்றும். உள்ளே பார்த்தால் அப்படியில்லை. பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. தக்காளி சாதம் போல இருக்கும் சாதத்தைக் கோழி சூப்பில் வேகவைப்பதுண்டு. 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடலாம். அதனால் இதை ஒரு தாளில் எழுதி தாத்தாவின் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்: "சோய் வெஹெதாரியானோ. நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ." நான் சைவம், இறைச்சி, கோழி, மீன் எதுவும் சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். கூடவே "சின் மன்தேகா" - கொழுப்பு சேர்க்காமல். கோதுமை டார்ட்டியாவில் கொழுப்பு இருக்க வாய்ப்பு அதிகம். சோள டார்ட்டியா கேளுங்கள். நொபால் என்ற சப்பாத்திக்கள்ளிப் பொரியலை ஒருமுறை ருசி பார்க்கலாம்.

ஒரு வாரம் தங்குவதாக இருந்தால் சமையலறை உள்ள இடம் நல்லது. தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, பச்சை மிளகாய், தேங்காய், புளி, அரிசி எல்லாம் அங்கேயே கிடைக்கும். ரசப்பொடியும் துவரம்பருப்பும் மட்டும்தான் குறை. மின்சாரமும் பிளக்கும் அமெரிக்கா போலவே என்பதால் அமெரிக்காவில் வாங்கிய குக்கர் வேலை செய்யும். ஊரில் இருந்து கொண்டுவந்த மிக்ஸி செய்யாது. குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். நம் ஊரைப் போலவே 20 லிட்டர் கேன்தான் அங்கேயும். பல் தேய்க்கவும் பாட்டில் தண்ணீர் என்றால் வயிற்றுக்கு வம்பில்லை.

மாலெகோனில் சுரைக்குடுக்கையைத் தோளில் தொங்கவிட்டபடி ஒருவர் வந்தால் விட்டுவிடாதீர்கள். அவர் விற்பது 'தூபா'. தென்னம்பாளையில் இறக்கிய பதநீர்தான்! மேலே ஆப்பிள் துண்டும் கொட்டைகளும் தூவித் தருவார்கள். மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய கப்பல்களில் பிலிப்பைன்ஸ்காரர்கள் கொண்டுபோன பழக்கம் இது. வெயில் ஏறினால் புளித்துவிடும் என்பது நம் தாத்தாக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி கடல்!

டிசம்பர் தொடங்கி மார்ச் வரை இந்த வளைகுடாவுக்குக் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வருகின்றன. வடக்கே குளிர்ந்த கடலில் இரை தின்றுவிட்டு, இணை சேரவும் குட்டி போடவும் இந்த வெதுவெதுப்பான தண்ணீரைத் தேடி வருபவை. திமிங்கிலம் பார்க்க அனுமதி பெற்ற படகுகளில் மட்டும் ஏறுங்கள். பாட்டிக்குச் சின்ன மோட்டார் படகு வேண்டாம். அலையில் தூக்கிப் போடும். கூரையும் கழிவறையும் உள்ள பெரிய படகே நல்லது.

இரண்டாவது அதிசயம் ஆமை. ஏறத்தாழ ஜூன் முதல் டிசம்பர் வரை இங்கே முட்டையிடும் ஆலிவ் ரிட்லி, நம் ஊரில் பங்குனி ஆமை. பெசன்ட் நகர் கடற்கரைக்கு வரும் அதே இனம்தான். மெக்ஸிகோ 1990-ல் கடலாமை வேட்டைக்குத் தடை போட்டது. இப்போது பல ஹோட்டல்களும் ஆமை முகாம்களும் முட்டைகளைப் பாதுகாத்து, குஞ்சுகளை மாலையில் கடலில் விடுகின்றன. தேங்க்ஸ்கிவிங், டிசம்பர் முற்பகுதியில் போனால் பார்க்க வாய்ப்பு அதிகம். சன்ஸ்க்ரீன் தடவிய கையால் குஞ்சுகளைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

கடலில் இறங்கும் முன் கொடியைப் பாருங்கள். பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு, கறுப்பு என்றால் கரையிலேயே நில்லுங்கள். ஆறும் ஓடையும் கடலில் சேரும் இடங்களில், படகுத்துறைப் பகுதியில் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை அலங்காரத்துக்கு வைத்ததில்லை. இருட்டிய பின் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பயம் பற்றி ஒரு வார்த்தை

ஹலிஸ்கோவின் பெயரிலேயே ஒரு போதைக் கும்பல் இருக்கிறது. இதை மறைத்துவிட்டு 'ஜாலியா போயிட்டு வாங்க' என்று எழுத முடியாது. மெக்ஸிகோவின் ஒவ்வொரு மாநிலத்துக்கும் அமெரிக்க வெளியுறவுத் துறை தனித்தனியாகப் பயண எச்சரிக்கை வெளியிடுகிறது. அதை டிக்கெட் போடும் முன் ஒருமுறை, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை படியுங்கள். நிலைமை சரியில்லை என்றால் தள்ளிப்போட வசதியாக, பணம் திரும்பக் கிடைக்கும் கட்டணத்தில் அறையை புக் செய்யுங்கள். ராத்திரியில் வெளியூர்ச் சாலைப் பயணம் வேண்டாம்.

பெட்டி மூடும் முன்...

* மெனுவில் இருக்கும் '$' குறி பெசோ. டாலர் என்று நினைத்து தாத்தா எழுந்து போய்விடப் போகிறார்.
* ஏ.டி.எம் தன் கணக்கில் டாலராக மாற்றித் தருவதாகக் கேட்டால், 'வேண்டாம்' அழுத்துங்கள்.
* ஏர்போர்ட்டில் சூட்கேஸோடு வெளியே வரும்போது அன்பாக வழிமறிப்பவர்கள் பலர் டைம்ஷேர் விற்பவர்கள். நிற்காமல் நடங்கள்.
* சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரைக்கு மெக்ஸிகோவில் தடை. பெற்றோரின் மற்ற மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள்.
* ஒரு நாளுக்கு ஒரே ஒரு வெளிவேலை. மதியம் எல்லோருக்கும் தூக்கம். இதை மட்டும் யாருக்காகவும் மாற்றாதீர்கள்.

அம்மா, அப்பாவிடம் கேட்டால் "எங்களுக்கு எதுக்கு, பிள்ளைங்க சந்தோஷமா இருந்தா போதும்" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். திமிங்கிலமா, ஆமையா, சந்தையா, கோயில் போல மணியடிக்கும் அந்த தேவாலய வாசலா... அவர்கள் பார்க்க விரும்பும் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதை முதல் நாளிலேயே வைத்துவிடுங்கள். மற்றதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் வேறோர் ஊருக்குப் பெட்டி கட்டுவோம்!