விற்ற காரும் விற்காத வாக்கும்

புலம்பெயர்ந்த மண்ணில் எம்மவர் வாங்கும் முதலாவது பெரும்பொருள் பழைய கார். வீடு பின்னர்தான் வரும். பலருக்கு வராமலும் போகும். வேலை செய்வதற்கு அனுமதி கிடைத்ததும், பேருந்து எட்டிப் பார்க்காத ஊரிலுள்ள களஞ்சியத்துக்கோ எரிபொருள் நிலையத்துக்கோ இரவுப்பணிக்குப் போக நான்கு சில்லுகள் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் அதில் ஓடி, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அதனை விற்றுவிட்டுச் சற்றே நல்லதொன்றை வாங்குகிறோம். விற்ற பணம் புதிய காருக்கான முற்பணமாகவோ ஊரிலுள்ள பெற்றோருக்கோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. பத்தாம் நாள் தொலைபேசி ஒலிக்கிறது. ‘கியர் விழுகுதில்லை. என்னுடைய காசைத் திருப்பித் தா.’

இவ்வேளையில் எம்மவரிற் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ஒரு சாரார் அஞ்சுகின்றனர். தஞ்சக் கோரிக்கை விசாரணைக்கு வரவிருக்கும் காலத்தில் வழக்கு, பொலிஸ் என்ற சொற்களைக் கேட்ட மாத்திரத்திலேயே கடன்பட்டேனும் கேட்ட தொகையைக் கொடுத்துவிடுகின்றனர். மறு சாரார் தொலைபேசி இலக்கத்தைத் தடுத்துவிட்டு, ‘உள்ளது உள்ளபடி என்றுதானே எழுதிக் கொடுத்தேன், இனி அது உன் பாடு’ என்று இருந்துவிடுகின்றனர். இரண்டுமே தவறு என்பது எமது கருத்து. விற்பவர் எதனை அறிந்திருந்தார், எதனைச் சொன்னார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காணாமல் கொடுப்பதும் பிழை, மறுப்பதும் பிழை.

யாழ்ப்பாணத்தில் ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் ஏ-40 காரோ கைமாறியபோது வாங்குபவருக்கு அதன் சாதகமே தெரிந்திருந்தது. எந்த வாத்தியாரிடம் இருந்தது, எந்தக் கராஜில் எஞ்சின் இறக்கினார்கள், 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எவ்வளவு மண்ணெண்ணெய் குடித்தது என்பதெல்லாம் ஊரறிந்த செய்திகள். விற்பவர் மறைக்க விரும்பினாலும் மெக்கானிக் மறைக்கமாட்டார். நியூ ஜேர்சியின் எடிசனிலோ ரெக்சாஸின் ஹூஸ்ரனிலோ நிலைமை வேறு. வாகனத்தின் வரலாறு விற்பவரின் நெஞ்சுக்குள் இருக்கிறது. வாங்குபவருக்குத் தெரிவது அதன் பூச்சு மட்டுமே.

இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றியே, சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கீழ்க்கரையிலுள்ள பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜோர்ஜ் அக்கர்லொவ் என்ற பொருளியலாளர் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். பழுதான காரை அமெரிக்கர் எலுமிச்சை என்பர். அவரது கட்டுரையும் எலுமிச்சைகளின் சந்தையைப் பற்றியது. எது நல்ல கார், எது பழுதான கார் என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது அவர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க எவரும் முன்வரார். நல்லவை விலகிக்கொள்ள, சந்தையில் பழுதானவையே எஞ்சும். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய இக்கட்டுரையின் ஆசிரியர், 2001இல் வேறு இருவருடன் சேர்ந்து பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஒருவரது பொய்க்குரிய விலையை அவரைப் போன்ற ஏனையோரும் செலுத்த நேர்கிறது என்பதே எமக்கு அதிலுள்ள பாடம்.

இனிச் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். லூயிசியானா தவிர்ந்த மாநிலங்களெல்லாம் பொருள் விற்பனை தொடர்பாக ஒரே மாதிரியான வணிகச் சட்டத்தையே பின்பற்றுகின்றன. அதன்படி, பொருள் சாதாரண பாவனைக்கு ஏற்றதாக இருக்கும் என்ற உள்ளார்ந்த உத்தரவாதம் வணிகருக்கு மட்டுமே உரியது. தன் காரை விற்கும் தனியாளைப் பற்றாது. மூன்று நாட்களுக்குள் காரைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பலர் நம்பும் பொது உரிமை எதுவும் இல்லை. விற்ற மறுவாரம் எஞ்சின் நின்றுபோனால், அந்த ஒரு காரணத்துக்காகவே விற்றவர் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால், ஆண்டுக்கு ஐந்துக்கு மேற்பட்ட பழைய கார்களை விற்பவரைக் கூட்டாட்சி அரசின் விதி வணிகராகவே கொள்கிறது. ‘நண்பருக்காக விற்றேன்’ என்ற சாட்டு அங்கே எடுபடாது.

ஆயினும் தனியாளையும் அவரது வாய்ச்சொல் கட்டும். ‘நல்ல கார்’ என்பது வியாபாரப் புகழ்ச்சி. அதற்கு எவரும் வழக்காட முடியாது. ‘சென்ற ஆண்டுதான் கியர்ப்பெட்டி மாற்றினேன்’ என்பது செய்தி. அது பொய்யானால் உத்தரவாதம் மீறப்பட்டதாகிறது. எம்மவர் பேச்சுவாக்கில் ‘ஒரு பிரச்சினையும் இல்லை’ என்பது வழக்கம். எமக்கு அது உபசாரச் சொல். ஆங்கிலத்தில் குறுஞ்செய்தியாக எழுதி அனுப்பினால், வாங்கியவர் அதையே ஆதாரமாகக் கொண்டுவந்து வைப்பார். ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகமும் எல்லாவற்றையும் மூடிவிடும் போர்வை அன்று. கட்டட விற்பனை ஒன்று பற்றிய வழக்கில், அந்த வாசகம் செல்லும் என 1995இல் தீர்ப்பளித்த ரெக்சாஸ் உயர் நீதிமன்றம், பொய் சொல்லியோ குறையை மறைத்தோ இணங்க வைத்திருந்தால் அது செல்லாது என்றும் கூறியது.

அறிந்தவர் எவர், அறியாதவர் எவர் என்பதை நீதிமன்றங்கள் எவ்வாறு நிறுத்துப் பார்க்கின்றன என்பதற்கு இங்கிலாந்தின் ஒஸ்கார் செஸ் வழக்கு நல்ல உதாரணம். இலங்கையில் சட்டம் படித்தோர் இதனை அறிவர். தனியாள் ஒருவர் 1955இல் தமது மொறிஸ் காரை ஒரு வாகன வணிக நிறுவனத்திடம் கொடுத்துப் புதிய கார் வாங்கினார். பதிவேட்டைக் காட்டி, இது 1948ஆம் ஆண்டுக் கார் என்றார். நிறுவனம் அதற்கு 290 பவுண் மதிப்பிட்டது. அது உண்மையில் 1939ஆம் ஆண்டுக் கார் என்பதும், முன்னர் எவரோ பதிவேட்டைத் திருத்தியிருந்தனர் என்பதும் பின்னரே தெரியவந்தன. உண்மை தெரிந்திருந்தால் 175 பவுணே கொடுத்திருப்போம் என்று கூறிய நிறுவனம், எஞ்சிய 115 பவுணைக் கேட்டு வழக்காடியது. 1957இல் மேன்முறையீட்டு நீதிபதிகள் மூவரில் இருவர் அதனை மறுத்தனர். விற்றவர் பதிவேட்டை நம்பிச் சொன்னார். அவருக்கென்று தனியறிவு இல்லை. சரிபார்க்கும் வசதி வணிகரிடமே இருந்தது என்பது அவர்களது முடிவு.

அமெரிக்கச் சட்டம் இவ்விடத்தில் சற்றுக் கடுமையானது. பொய்யென்று அறியாமற் சொல்லியிருந்தாலும், திட்டவட்டமாகச் சொன்ன செய்தி உத்தரவாதமாகக் கொள்ளப்படலாம். ஆதலால் ‘பத்திரத்தில் இவ்வாறு உள்ளது’, ‘முன்னைய உரிமையாளர் இவ்வாறு கூறினார்’ என்று செய்தியின் மூலத்தையும் சேர்த்துச் சொல்வதே விற்பவருக்குப் பாதுகாப்பு. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அவமானம் இல்லை.

முறைப்பாடு வந்தபின் செய்யவேண்டியது இதுதான். முதலில் பொறுமையாகக் கேளுங்கள். அந்த உரையாடலிலேயே பணம் தருவதாகவும் சொல்லாதீர்கள், தரமாட்டேன் என்றும் சொல்லாதீர்கள். பழுது என்ன, எப்போது தோன்றியது, மெக்கானிக் எழுதிய அறிக்கை எங்கே என்று எழுத்திற் கேளுங்கள். அதன்பின் உங்கள் விளம்பரத்தையும் குறுஞ்செய்திகளையும் விற்பனைச் சீட்டையும் கராஜ் பற்றுச்சீட்டுக்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உங்களையே கேளுங்கள்: இந்தப் பழுது எனக்குத் தெரிந்திருந்ததா? இல்லையென்று நான் சொன்னேனா?

தெரிந்திருந்து மறைத்திருந்தால் சட்டத்தரணியைத் தேடுமுன் வாங்கியவரைத் தேடிச் செல்லுங்கள். திருத்தச் செலவை ஏற்பதோ காரைத் திரும்பப் பெறுவதோ பெரும்பாலும் வழக்கைவிட மலிவானது. கொடுக்கும்போது, இதனுடன் பிணக்கு முற்றாகத் தீர்ந்தது என்று இருவரும் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். தெரியாதிருந்தால், உங்களுக்குத் தெரிந்தவை யாவற்றையும் சொல்லியே விற்றீர்கள் என்பதையும் பணம் தர இயலாது என்பதையும் மரியாதையான ஒரேயொரு கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். அதன்பின் நாளாந்த வாக்குவாதம் வேண்டாம்.

சில கடமைகளை ‘உள்ளது உள்ளபடி’ என்ற சொல் நீக்காது. கலிபோர்ணியாவில், சில விதிவிலக்குகள் தவிர, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கொடுப்பது விற்பவரின் பொறுப்பு. அது இல்லையென்று வாங்கியவர் முறையிட்டால் நியாயம் அவர் பக்கமே. ஓடிய மைல்களைக் குறைத்துக் காட்டுவது கூட்டாட்சிச் சட்டப்படி எங்கும் குற்றம். ஏமாற்றப்பட்டவர் தமது நட்டத்தின் மும்மடங்கு அல்லது 10,000 டொலர், இரண்டில் எது கூடியதோ அதனைக் கோரலாம்.

‘ஓப்பின் பேப்பர்’ என்று நாட்டிலே நாம் பழகிய வழக்கத்தை இங்கு கைவிட வேண்டும். மாற்றப்பத்திரத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றுவது வாங்கியவர் பாடு என்று இருந்தால், அவர் பாலம் கடந்த கட்டணமும் வாகனத் தரிப்புத் தண்டமும் உங்கள் வீட்டுக்கே வரும். கலிபோர்ணியாவில் விற்று 5 நாட்களுக்குள்ளும் ரெக்சாஸில் 30 நாட்களுக்குள்ளும் விற்பனையை வாகனத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். நியூ ஜேர்சியில் இலக்கத் தகடுகளைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

அச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய காருக்காகப் பணம் கேட்டுத் தொடுக்கப்படும் வழக்கு குடியியல் வழக்கு. குற்ற வழக்கு அன்று. அதில் தோற்பது குற்றவாளியாவது ஆகாது. அழைப்பாணை வந்தால் மறைந்திருக்காதீர்கள். மறைந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். நியூ ஜேர்சியில் 2022 முதல் 5,000 டொலர் வரையும், கலிபோர்ணியாவில் 2024 முதல் தனியாட்களுக்கு 12,500 டொலர் வரையும் சிறுகோரிக்கை நீதிமன்றங்களே விசாரிக்கின்றன. ரெக்சாஸில் இவ்வகை நீதிமன்றத்தின் எல்லை 2020 முதல் 20,000 டொலர். கலிபோர்ணியச் சிறுகோரிக்கை விசாரணையில் பொதுவாகச் சட்டத்தரணிகளுக்கு இடமே இல்லை. இருவரும் தத்தம் கடிதங்களை நீட்டித் தத்தம் வாயாற் பேச வேண்டியதுதான். மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் முன்கூட்டியே கேளுங்கள்.

பணம் தராவிட்டால் குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவிப்பேன் என்று எவரேனும் மிரட்டினால், கலிபோர்ணியாவில் மிரட்டுபவரே சட்டத்தை மீறியவர். பணத்துக்காக ஒருவரது குடிவரவு நிலையைக் காட்டிக்கொடுப்பதாக அச்சுறுத்துவது, 2014 ஜனவரி முதல் அங்கு கப்பம் கோரும் குற்றத்துக்குரிய அச்சுறுத்தல்களுள் ஒன்றாகச் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. அத்தகைய செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். எம் மக்கள் கப்பம் கொடுத்த காலங்கள் போதும்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. திட்டமிட்ட மோசடிக்காகக் குற்ற நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, பிறருக்கு ஏற்பட்ட நட்டமும் 10,000 டொலரைத் தாண்டியிருந்தால், அது குடிவரவுச் சட்டத்தில் மிகப் பாரதூரமான குற்ற வகையைச் சேரும். தஞ்சம் பெறும் தகுதியே பறிபோகும். மைல்மானியைத் திருப்பிச் சில ஆயிரம் டொலர் கூடுதலாகப் பெற நினைக்கும் இளைஞர்கள், எதனைப் பணயம் வைக்கிறோம் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும்.

இறுதியாக எமக்குள் நிகழும் விற்பனை. கோவிலிலோ கலைவிழாவிலோ சந்தித்த புதியவர் ஒருவர், ‘அண்ணை, நீங்கள் சொன்னாற் சரி’ என்று மெக்கானிக்கிடம் காட்டாமலே காரை வாங்கிச் செல்கிறார். அவர் நம்பியது காரை அன்று, எம் வாயிலிருந்து வந்த தமிழை. சட்டம் எம்மை விடுவித்தாலும் அந்த நம்பிக்கை எம்மை விடுவிக்காது. பழுது எம்மால் நேராதபோதும் இத்தகையவருக்குத் திருத்தச் செலவில் ஒரு பங்கைக் கொடுப்பது தகும் என்றே நாம் கருதுகிறோம். அதனைக் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கில்லை. ஆனால் வந்து சில மாதங்களேயான ஒருவரின் வேலை அந்தக் காரில் தங்கியிருக்கிறது என்பதை எம்மைவிட அறிந்தவர் எவர்?

தஞ்சம் கோருபவரிடம் ஆவணங்கள் குறைவு. அவரது சொல்லே அவரது முதன்மைச் சாட்சியம். அந்தச் சொல்லை அந்நிய அதிகாரி ஒருவர் நம்பவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் மக்கள் நாம். எமது அயலவரும் பழைய காரொன்றைப் பற்றி நாம் சொல்வதை அவ்வாறே நம்பி வாங்குகிறார். அடுத்த முறை கார் விற்கும்போது, தெரிந்த பழுதுகளை ஒரு தாளில் எழுதி, வாங்குபவரின் கையொப்பத்தையும் பெற்று, ஒரு படியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். விலை சில நூறு டொலர் குறையலாம். பத்தாம் நாள் தொலைபேசி ஒலித்தால், அதனை எடுத்துப் பேச அஞ்சவேண்டியிராது.