மதகைத் திறந்தால் சொல்கிறார்கள், தண்ணீர் கெட்டால்?

சங்கராபரணி ஆற்றின் வீடூர் அணை நிரம்பி மதகைத் தூக்கப் போகிறார்கள் என்றால் கரையோர ஊர்களுக்கெல்லாம் முன்கூட்டியே செய்தி போய்விடுகிறது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி வருகிறது. ஆற்றில் இறங்காதீர்கள், ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டுங்கள் என்கிறது. விழுப்புரம் மாவட்ட எல்லைக்கு அப்பால் இருக்கும் புதுச்சேரி நிர்வாகத்துக்கும் தகவல் சொல்லப்படுகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மயிலத்திலும் புதுச்சேரியிலும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டிக் கொட்டியபோது, இப்படி ஒரு செய்தியின் அருமை என்ன என்பது கரையில் இருந்தவர்களுக்குப் புரிந்தது.

அதே ஆற்றில் வரும் தண்ணீர் குளிக்கத் தகுந்ததா, மாடு குடிக்கத் தகுந்ததா என்று சொல்ல எந்த வண்டியும் வருவதில்லை. சங்கராபரணியின் அளவைப் பார்க்க ஆள் உண்டு. தரத்தைப் பார்த்துக் கரையில் வாழ்பவரிடம் வந்து சொல்ல ஆள் இல்லை. மேல்மடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசினாலொழிய இந்தக் குறை தீராது. அப்படிப் பேசிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஆறு நமக்குக் கிடைப்பதும் அரிது.

செஞ்சிக்கு மேற்கே மலைக்காடுகளில் பிறக்கும் இந்த ஆற்றைச் செஞ்சியாறு என்கிறோம், வராக நதி என்கிறோம். தொண்டூர், வல்லம் பக்கத்து ஓடைகளையும் ஏரிகளின் கலங்கல் நீரையும் வாங்கிக்கொண்டு தொண்டியாறு தனியாக இறங்கி வருகிறது. இரண்டும் கூடுமிடத்தில் வீடூர் அணை. அதன் கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. அணையை நம்பியிருக்கும் 3,200 ஏக்கரில் 2,200 தமிழ்நாட்டில், 1,000 புதுச்சேரியில். அதற்குக் கீழே வில்லியனூர், திருக்காஞ்சி என்று போய், அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிந்து கடலைத் தொடுகிறது. மொத்த நீளமே ஏறக்குறைய 80 கிலோமீட்டர்தான். காலையில் செஞ்சியிலிருந்து இருசக்கர வண்டியில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முகத்துவாரம் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொண்டூர்க் குன்றில் சமணத் துறவியருக்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் இருக்கின்றன. ஆறு கடலைத் தொடும் இடத்தில் இருக்கும் அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த பானை ஓடுகளிலும் அதே தமிழி எழுத்து. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரே எழுத்தை எழுதிய நிலம் இது. நடுவில் விழுந்த மாநில எல்லைக்கோடு மிகவும் பிந்தையது.

அந்தக் கோடுதான் இன்று ஆற்றின் நோயையும் இரண்டாக வெட்டுகிறது. 2018-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் மாசடைந்த 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டின் பெயரில் காவிரி, பவானி, தாமிரபரணி உள்ளிட்ட 6 ஆறுகள். புதுச்சேரியின் பெயரில் சுண்ணாம்பாறும் அரசலாறும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதே ஆண்டு தானாக முன்வந்து, ஒவ்வொரு மாநிலமும் ஆறுகளை மீட்கக் குழு அமைத்துச் செயல்திட்டம் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவு நல்லது. ஆனால் திட்டம் மாநிலவாரியாக வந்ததால், சுண்ணாம்பாற்றைச் சீர்செய்யும் பொறுப்பு வால் பக்கத்தில் இருப்பவருடையதாயிற்று. தலைப்பக்கம் இருக்கும் நாம் அந்தப் பட்டியலைப் பார்த்து, அது புதுச்சேரிக்காரர் பிரச்சினை என்று இருந்துவிட்டோம்.

நம் பக்கம் சாயப்பட்டறையோ தோல் தொழிற்சாலைக் கூட்டமோ இல்லை என்பது ஆறுதல்தான். ஆனால் ஆற்றைக் கெடுக்கப் பெரிய ஆலை தேவையில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத பேரூர்களில் தெருச் சாக்கடை பள்ளத்தைத் தேடி ஓடி, கடைசியில் ஏதாவது ஓடையில்தான் விழும். செப்டிக் டேங்க் லாரி இருட்டில் எங்கே போய்க் கொட்டுகிறது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. கழிவுக் கசடைக் கையாளத் தமிழ்நாடு 2014-லேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டும் நிலை இதுதான். பாலத்தடியில் கோழிக்கழிவு மூட்டை. வயலில் போட்ட யூரியாவும் டிஏபியும் முதல் மழையோடு வாய்க்காலுக்கு வருகின்றன. ஏரியில் ஆகாயத்தாமரை செழிப்பது அந்த உரத்தைத் தின்றுதான். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே சின்ன விஷயம். எல்லாம் சேர்ந்து தேங்குவது அணையில்.

அணையில் தேங்கினால் என்னவாகும் என்பதற்கு நொய்யல் சாட்சி. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாகிவிட்டது. எந்த உழவருக்காகக் கட்டினார்களோ அவர்களே, அந்தத் தண்ணீரை எங்கள் பக்கம் திறக்காதீர்கள் என்று நீதிமன்றப் படியேறினார்கள். 2006-ல் ஓர் உத்தரவு. அது நிறைவேறாமல் போய் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையெல்லாம் மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். உழவர் கிணறு கெட்டது, தொழிலாளர் வேலை இழந்தார், முதலாளி கடன்பட்டார். ஆற்றங்கரை மக்களை முதல் நாளே அழைத்துப் பேசியிருந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் நாட்டில் ஆற்றங்கரைக் குடிமகன் ஆற்றுத் திட்டத்துக்குள் நுழையும் ஒரே வாசல் நீதிமன்றமாக இருக்கிறது. அதுவும் எல்லாம் கெட்ட பிறகு.

தண்ணீரின் தரத்தைத் திட்டமிடுவது என்றால் என்ன? அளவுமானிகளும் சுத்திகரிப்பு நிலையங்களும் பிறகு வருகிறவை. முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இந்தத் தண்ணீர் எதற்கு? மத்திய வாரியமே ஆற்றுநீரை அதன் சிறந்த பயன்பாட்டை வைத்து 5 வகுப்பாகப் பிரிக்கிறது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத் தகுந்தது ஏ, குளிக்கத் தகுந்தது பி, முறையாகச் சுத்திகரித்துக் குடிக்கத் தகுந்தது சி, மீனுக்கும் விலங்குக்கும் உரியது டி, பாசனத்துக்கு இ. குளிக்கும் நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது, தண்ணீரில் கலந்த அழுக்கைச் செரிக்க நுண்ணுயிர்கள் உறிஞ்சும் ஆக்சிஜன் அவ்வளவுக்குள் இருக்க வேண்டும். கரைந்திருக்கும் ஆக்சிஜன் 5-க்குக் குறையக் கூடாது.

திருக்காஞ்சிக்கு வருவோம். காசியைவிட வீசம் அதிகம் என்று சொல்லி மாசி மகத்துக்கு அங்கே போய் முழுகுகிறோம். 2023 ஏப்ரலில் புஷ்கரணி விழா நடந்தபோது கூட்டம் கூட்டமாக மக்கள் நீராடினார்கள். அப்படியானால் திருக்காஞ்சித் துறை பி வகுப்பில் இருந்தாக வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர் முழுகுகிறவர். அந்தத் துறைக்கு வரும் தண்ணீர் பி வகுப்பாக இருக்க, செஞ்சிப் பாலத்தடியிலும் தொண்டியாற்றிலும் வீடூரிலும் எவ்வளவு இருக்கலாம் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவது பொறியாளரின் வேலை. முதல் பதிலை மக்கள் சொல்லாமல் இரண்டாவது கணக்கைத் தொடங்க முடியாது. இன்று நடப்பது தலைகீழ். கணக்கு எங்கோ நடக்கிறது, கேள்வியை யாரும் நம்மிடம் கேட்கவே இல்லை.

கேட்கும் நாடுகள் இருக்கின்றன. புதுச்சேரியை விட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் வெளியேறினார்கள். சரியாகப் 10 ஆண்டு கழித்து, 1964-ல், தங்கள் நாட்டை 6 ஆற்றுப்படுகைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு படுகைக் குழுவை அமைத்தார்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் உழவரும் தொழிற்சாலைக்காரரும் மீனவரும் அரசு அதிகாரிகளோடு சேர்ந்து உட்காரும் தண்ணீர்ச் சபை அது. கழிவு விடுகிறவர் கட்டும் கட்டணம் படுகைக்கான நிதியாகி, அங்கேயே சுத்திகரிப்புக்குத் திரும்புகிறது. 2000-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த நீர்ச் சட்டகம் இதை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் விரித்தது: 6 ஆண்டுக்கு ஒரு படுகைத் திட்டம், வரைவை மக்கள் முன் வைத்துக் குறைந்தது 6 மாதம் கருத்துக் கேட்பு, ஆறு நாட்டு எல்லையைத் தாண்டினால் கூட்டுத் திட்டம். அங்கும் ஆறுகளெல்லாம் பளிங்காகிவிடவில்லை. நல்ல நிலையை எட்டிய நீர்நிலைகள் இன்னும் பாதிக்கும் குறைவுதான். ஆனாலும் எந்த ஆறு எந்த நிலையில் இருக்கிறது, ஏன் தேறவில்லை என்பதை அங்கே ஒரு சாதாரணக் குடிமகன் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

இங்கே 1956-லேயே ஆற்று வாரியச் சட்டம் வந்தது. அதன்படி ஒரு வாரியம்கூட அமையவில்லை. 2018-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட ஆற்றுப்படுகை மேலாண்மை வரைவு மசோதா 13 பெரும் படுகைகளைப் பற்றிப் பேசியது. சங்கராபரணி அளவுள்ள ஆறுகள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. தமிழ்நாட்டின் 17 ஆற்றுப்படுகைகளில் வராக நதிப் படுகையும் ஒன்று என்று நீர்வளத் துறையின் ஆவணங்களில் இருக்கிறது. படுகைக்குப் பெயர் இருக்கிறது, அந்தப் பெயரில் ஒரு சபை இல்லை.

மேலே இருந்து சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் நான் வலியுறுத்த விரும்புவது. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் நம் பக்கம் இருக்கின்றன. புதுச்சேரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999-ல் தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டம் 84 ஏரிகளில் பயனாளர் சங்கங்களை உருவாக்கியது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கொடுத்துத் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி தருகிறார்கள். அந்தப் பெட்டி குழாயடியோடு நின்றுவிடுகிறது. ஏரிக்கும் ஓடைக்கும் அதை நீட்ட ஒரு சுற்றறிக்கை போதும்.

மில்லிகிராம் கணக்கெல்லாம் கிராமத்து மக்களுக்குப் புரியுமா என்று கேட்கிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கும் அம்மாக்களிடம் பேசிப் பார்க்கட்டும். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு, போன மாதம் எவ்வளவு என்று சர்க்கரை அளவை மனப்பாடமாகச் சொல்வார்கள். தன் உடம்பைப் பற்றிய எண் யாருக்கும் புரியும். ஆற்றின் எண்ணை இதுவரை அவர்களிடம் யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கொடுத்துவிட்டுப் பேசாமல் போகவும் கூடாது. ஆலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டம்போல, முடிவெடுத்த பிறகு பந்தல் போட்டுக் கையெழுத்து வாங்கினால் மக்கள் அடுத்த முறை வரமாட்டார்கள். லாரி கொட்டும் இடத்தைக் காட்டிய ஊருக்கு, அடுத்த கூட்டத்தில் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், தமிழ்நாட்டில் கிராம சபை கூடுவதற்கென்று குறித்த நாள்களில் ஒன்று. வரும் மார்ச் 22-ல் தொண்டூர் ஏரியிலிருந்து ஒரு பாட்டில், செஞ்சிப் பாலத்தடியிலிருந்து ஒரு பாட்டில், வீடூர் மதகிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துச் சோதித்து, எண்களைச் சபையில் உரக்கப் படிக்கட்டும். அதே வாரத்தில் திருக்காஞ்சித் துறையிலும் சுண்ணாம்பாற்றிலும் எடுத்த எண்களோடு புதுச்சேரிக்காரர்கள் வீடூருக்கு வரட்டும். அணைக்கரையில் ஒரு பந்தலும் நாலு பெஞ்சும் போட்டால் போதும். முதல் கூட்டத்தில் சண்டைதான் நடக்கும். எங்கள் சாக்கடையா உங்கள் சாக்கடையா என்று குரல் உயரும். அந்தச் சண்டையைப் போட இந்த ஆற்றங்கரையில் இதுவரை ஓர் இடம் இருந்ததில்லை.