டாக்டருக்கு மட்டும்தான் துக்கமா?

கொரிய சீரியலில் சர்ஜனாகப் பிறந்தவனுக்குச் சிரிக்க அனுமதி கிடையாது. கிடைத்தாலும் ஃபிளாஷ்பேக்கில்தான். அங்கே ஒரு பெண் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள், வெயில் அவள் தலைமுடியில் விழும், பின்னணியில் பியானோ வாசிப்பார்கள். பியானோ ஆரம்பித்தாலே தெரிந்துவிடும், இந்தப் பெண் பிழைக்கப்போவதில்லை. அடுத்த காட்சியில் வெள்ளை கோட்டு, இறுகின முகம், இருட்டின கார் பார்க்கிங். அப்புறம் கதை முடிகிற வரைக்கும் அந்த ஆள் வாயைத் திறந்தால் ஒரு வரி, மூடினால் ஒரு பெருமூச்சு.

2024 நவம்பர் 6ஆம் தேதி கேபிஎஸ் 2 சேனலில் ஆரம்பித்து டிசம்பர் 12ஆம் தேதி முடிந்த ‘ஃபேஸ் மீ’யும் இதே ரகம்தான். புதன், வியாழன் இரவுகளில் மொத்தம் 12 எபிசோடு. லீ மின்-கி பிளாஸ்டிக் சர்ஜன்; கதையில் பெயர் சா ஜங்-வூ. முன்பு எமர்ஜென்சியில் இருந்தவர். 7 வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நிச்சயமாகியிருந்த பெண் கொலையாகிவிட்டாள். ஹான் ஜி-ஹ்யுன் துறுதுறுப்பான டிடெக்டிவ். அடிபட்டு வருகிறவர்களின் முகத்தை அவர் சரிசெய்ய, அடித்தது யாரென்று இவர் தேட, நடுவில் அந்தப் பழைய கொலை மெல்ல மெல்லத் தலைதூக்குகிறது. நல்ல முடிச்சுதான், இல்லையென்று சொல்லவில்லை. ராத்திரி கண் எரிய எரிய உட்கார்ந்து பார்த்தவள்தான் நானும்.

கட்டிக்கொள்ள இருந்தவளைப் பறிகொடுத்தவன் கும்மாளம் போடுவானா என்ன? சோகமாகவே இருக்கட்டும். ஆனால் அந்தச் சோகத்தைக் காட்டி இந்த மாதிரிக் கதைகள் டாக்டருக்கு எழுதிக் கொடுக்கிற சலுகைகள் இருக்கின்றனவே, அவற்றைத்தான் தாங்க முடியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார். நர்ஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போவார். நினைத்த நேரத்துக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து தெருவுக்கு ஓடுவார். சுற்றியிருக்கிறவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்தி, “பாவம், அவர் அப்படி இல்லை முன்னாடி” என்பார்கள். திட்டு வாங்கின நர்ஸுக்கு வீட்டில் என்ன கஷ்டமோ, அதைக் கேட்க ஒரு நாதி இல்லை.

டிடெக்டிவ் பாடு இன்னும் மோசம். ஓடுகிறது இவள். மேலதிகாரியிடம் ஏச்சு வாங்குகிறது இவள். மழையில் நனைகிறது, மாடிப்படி ஏறுகிறது, கதவு தட்டுகிறது எல்லாம் இவள். துப்பு மட்டும் டாக்டர் கண்ணில்தான் படும். கன்ன எலும்பு உடைந்திருக்கிற கோணத்தைப் பார்த்த மாத்திரத்தில் அடித்தவன் உயரம் வரைக்கும் சொல்லிவிடுவார்கள் இந்தச் சீரியல் சர்ஜன்கள். வொன்ஜுவில் தேசியத் தடயவியல் நிறுவனம் என்று ஒன்றை அரசாங்கம் கட்டி வைத்திருக்கிறது. இவர்களைப் பார்த்தால் அதற்குச் செலவழித்த காசெல்லாம் தண்டம் போலிருக்கிறது.

புதுயுகம் டிவி கொரியர்களைத் தமிழ் பேச வைத்த காலத்திலிருந்து இவற்றைப் பார்க்கிறவர் எங்கள் அத்தை. நாலாவது எபிசோடு ஓடும்போது வெற்றிலையை மடித்தபடி கேட்டார்: “ஏம்மா, இவன் பேஷண்ட்டை எப்பத்தான் பார்ப்பான்?”

அதற்கு என்ன பதில் சொல்வது? பேஷண்ட்டுகள் வருகிறார்கள், கட்டுப் போடுகிறார்கள், கட்டைப் பிரிக்கிறார்கள், கண்ணாடி காட்டுகிறார்கள், கண்ணீர் ஒரு சொட்டு, அடுத்த கேஸ். நிஜத்தில் முகத்து எலும்பு நொறுங்கினால் டைட்டானியம் தகடும் குட்டி ஸ்க்ரூவும் வைத்துப் பொருத்த வேண்டும். வீக்கம் வடியவே வாரக்கணக்காகும். தாடையைக் கட்டியிருந்தால் கஞ்சியும் ஜூஸும்தான். வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டினால் அது சுருங்கும், மறுபடி கத்தி வைக்க வேண்டும். தழும்பு அடங்கி நிறம் மாற ஒரு வருஷம்கூட ஆகும். நரம்பு அறுந்திருந்தால் சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும், கண் மூடாது. அந்த ஒரு வருஷத்தை முகம் நொறுங்கின ஒரு பெண் எப்படிக் கழித்தாள், ஆபீஸ் லிஃப்டில் யார் அவளை உற்றுப் பார்த்தார்கள், பெற்ற பிள்ளை முதலில் கிட்டே வந்ததா என்றெல்லாம் காட்டினால், அதைவிடப் பெரிய சஸ்பென்ஸ் உண்டா? டாக்டர் மொட்டைமாடியில் நின்று நகரத்து விளக்கைப் பார்க்கிறதைக் காட்டத்தான் இவர்களுக்கு நேரம் சரியாக இருக்கிறது.

செத்துப்போன அந்தப் பெண்ணையாவது விட்டார்களா? இந்த வகைக் கதைகளில் கொலையுண்ட காதலிக்கு என்ன பிடிக்கும், யாரோடு சண்டை, சம்பளம் எவ்வளவு, அம்மா அப்பா இருக்கிறார்களா, ஒன்றும் தெரியாது. அவள் செய்ய வேண்டிய ஒரே வேலை சாகிறது. அதைச் செவ்வனே செய்துவிட்டால், இவருக்கு 12 எபிசோடுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் காரணம் கிடைத்துவிடும். அவளைப் பெற்றவர்கள் ஒரு காட்சியில் கல்லறையில் பூ வைத்தால் பெரிய காரியம்.

எமர்ஜென்சியை விட்டுவிட்டு ஒருவர் பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் போவதைக் காவிய சோகமாகக் காட்டினார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொரியாவில் நிச்சயம் பண்ணின பெண் நல்லபடியாக உயிரோடு இருக்கும்போதே டாக்டர்கள் அப்படித்தான் போகிறார்கள். எமர்ஜென்சி, குழந்தை வைத்தியம், பிரசவம் என்றால் அரசு இன்சூரன்ஸ் வைத்த கட்டணம். அதில் வருமானம் குறைவு. அதோடு ராத்திரி ட்யூட்டி, ஏதாவது ஆனால் கோர்ட் படி. மூக்கைத் தூக்குவதும் கண்ணிமை மடிப்பு வைப்பதும் இன்சூரன்ஸில் வராது, கிளினிக் சொன்னதே ரேட். ராத்திரி வீட்டில் தூங்கலாம். சியோலில் கங்நம் பக்கம் போய்ப் பார்த்தால் கட்டடத்துக்குக் கட்டடம் அழகு கிளினிக் போர்டு. இன்னொரு பக்கம் ஆம்புலன்ஸ் ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலாகப் போய், “இடமில்லை, டாக்டர் இல்லை” என்று கேட்டுக் கேட்டுத் திரும்புகிறது.

2024 பிப்ரவரியில் மருத்துவக் கல்லூரி இடங்களை 3,058லிருந்து ஒரேயடியாக 2,000 கூட்டப்போகிறோம் என்று அரசு அறிவித்தது. கூட்டினால் மட்டும் அவர்கள் எமர்ஜென்சிக்கு வந்துவிடுவார்களா என்று கேட்டு, பயிற்சி டாக்டர்கள் ஆயிரக்கணக்கில் ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு வெளியேறினார்கள். நவம்பரில் இந்தச் சீரியல் ஓடும்போதும் பெரும்பாலானோர் திரும்பி வந்திருக்கவில்லை. ஊரே எந்த ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ளும் என்று தவித்த நேரத்தில், டிவியில் ஒரு டாக்டர் எமர்ஜென்சியை விட்டது காதலியைப் பறிகொடுத்ததினால். அடடா!

சரி, துக்கம்தான் வேண்டும், துப்பறியவும் வேண்டும், ஆபரேஷன் தியேட்டரும் வேண்டும் என்றால், கொரியாவில் கதைக்கா பஞ்சம்? 2016இல் சியோலில் ஒரு கல்லூரி மாணவன், 24 வயது, தாடையைச் சீர் செய்துகொள்ள ஒரு அழகு கிளினிக்கில் படுத்தான். பெரிய டாக்டரே முழுக்கச் செய்வார் என்று நம்பிப் படுத்தவன். அவரோ பாதியில் வேறு அறைக்குப் போய்விட, சொல்லாமல் கொள்ளாமல் இன்னொருவர் மிச்சத்தை முடித்திருக்கிறார். ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. சில வாரங்கள் கழித்துப் பையன் இறந்தான். அங்கே இதற்குப் பேய் ஆபரேஷன் என்றே பெயர்.

அவனுடைய அம்மா தியேட்டர் சிசிடிவி பதிவைக் கேட்டு வாங்கினார். மணிக்கணக்கில் நீளும் பதிவு. யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார், டாக்டர் யாருமே இல்லாமல் பையன் எத்தனை நிமிஷம் கிடந்தான் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறித்தார். தரையில் வழிந்த ரத்தத்தை உதவியாளர் மாப்பால் துடைக்கிறார், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் துடைக்கிறார், திரும்பவும். பெற்ற மகன் சாகிறதை ஒரு தாய் இப்படி வினாடி வினாடியாகப் பார்த்துக் கணக்கு எடுத்திருக்கிறார். அந்தக் கணக்குதான் கோர்ட்டுக்குப் போனது. கிளினிக் தலைவருக்கு ஜெயில் கிடைத்தது. ஆபரேஷன் தியேட்டரில் கேமராவைக் கட்டாயமாக்கச் சட்டம் வேண்டும் என்று அட்டையைப் பிடித்துக்கொண்டு நாடாளுமன்ற வாசலில் தனியாகவும் நின்றார் அந்த அம்மா.

டாக்டர் சங்கம் வரிந்து கட்டிக்கொண்டு எதிர்த்தது. அப்படியும் 2021 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறி, 2023 செப்டம்பர் 25 முதல் அமலுக்கு வந்தது. நினைவிழக்கச் செய்து ஆபரேஷன் பண்ணுகிற தியேட்டரில் கேமரா இருக்க வேண்டும். பேஷண்ட்டோ வீட்டாரோ கேட்டால் பதிவு செய்ய வேண்டும். குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும். மறுப்பதற்கு டாக்டர்களுக்குச் சில சந்து பொந்துகளை விட்டிருக்கிறார்கள் என்று அதிலும் குறை உண்டு. இருந்தாலும் ஒரு வீட்டு அம்மா நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஒரு சட்டத்தை ஏற்றிவிட்டார்.

இது ஒன்றுதானா? 1999இல் தேகு நகரத்தில் ஆறு வயசுப் பிள்ளை மேல் யாரோ ஆசிட் ஊற்றிக் கொன்றார்கள். கொலை வழக்குக்கு அப்போது 15 வருஷம்தான் கெடு. அதற்குள் ஆள் அகப்படவில்லை என்றால் அரசாங்கம் கையைக் கழுவிவிடும். பெற்றவர்கள் கத்திக் கத்திக் கேட்டதில் 2015இல் கொலைக்கு அந்தக் கெடுவையே எடுத்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் வழக்குக்குக் கெடு அதற்குள் முடிந்துபோயிருந்ததால் அவர்களுக்கு அது உதவவில்லை. ஊரார் பிள்ளைக்குத்தான் உதவியது. இனி எத்தனை வருஷம் ஆனாலும் கொலைக் கேஸை எடுக்கலாம் என்று இன்றைய டிடெக்டிவ் நாடகங்கள் துணிந்து பேசுகின்றனவே, அந்த வசனத்துக்குக் காசு கொடுத்தவர்கள் இவர்கள்.

இவர்களையெல்லாம் விட்டுவிட்டு, துக்கத்தை முழுசாகக் குத்தகைக்கு எடுத்து டாக்டர் கையில் கொடுத்திருக்கிறார்கள். 2016இல் எஸ்பிஎஸ் சேனல் கொடுத்த ‘டாக்டர் ரொமான்டிக்’கில் ஆள் மாறி நடந்த ஆபரேஷன்தான் அடிப்படை. அங்கேயும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் போனது யார்? டாக்டர்தான். கத்தி வைத்தவர் தரப்புக்கு மட்டும் மனசு, கத்திக்குப் படுத்தவர் தரப்புக்குக் கேஸ் ஃபைல். டாக்டர்கள் சாதாரணமாகச் சாப்பிட்டுப் பாடிக்கொண்டிருந்த ‘ஹாஸ்பிடல் பிளேலிஸ்ட்’ 2020இல் வந்தபோது ஊரே ஏன் அப்படிக் கொண்டாடியது என்று இப்போதுதான் புரிகிறது. பேஷண்ட்டின் வீட்டாரும் அதில் மனுஷர்களாக வந்தார்கள், வராந்தாவில் உட்கார்ந்து அழுதார்கள், டாக்டரோடு வாதாடினார்கள்.

என் குறையைக் கேட்டு சியோலில் யாரும் ஸ்கிரிப்டை மாற்றப்போவதில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். கொலைகாரனைத் தேட ஒரு டிடெக்டிவ் இருக்கட்டும், கூடவே அலைய ஒரு துக்கப்பட்ட ஆளும் இருக்கட்டும். அந்த ஆள் வெள்ளை கோட்டு போடாத அம்மாவாக இருந்தால் என்ன குடி முழுகிப்போகும்? முட்டி வலியோடு சிசிடிவி முன்னால் உட்காரட்டும், போலீஸ் ஸ்டேஷனில் கத்தட்டும், நடுநடுவே பசி எடுத்து ராம்யன் நூடுல்ஸ் கொதிக்க வைத்துச் சாப்பிடட்டும். சர்ஜன் வேண்டுமென்றால் அவரையும் வையுங்கள். பாதியில் எழுந்து போகாமல் ஒரு ஆபரேஷனை முழுசாகச் செய்யட்டும், அது போதும்.